லாய்ஷுன் வயிறாரச் சாப்பிட்ட மதியம்

கெங் லாய்ஷுனை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. செத்தவனைப் பற்றி அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் சந்தில் நினைக்கிறார்கள். அவன் பிடிவாதக்காரன். டயரில் கொஞ்சம் காற்றுக் கூட அடி என்று சொன்னவனைத் திட்டி அனுப்புவான். என் புருஷன் பாவ்ஷான் செத்தபோது சவப்பெட்டியின் முன் கழியைத் தோளில் தாங்கி மலைச்சரிவு வரைக்கும் சுமந்தான். இறக்கி வைத்த கையோடு, “அண்ணி, நாளைக்குக் கடை உண்டா?” என்று கேட்டவனும் அவன்தான். அவன் பசி அப்படிப்பட்டது.

என் நூடுல்ஸ் கடைக்கு நேர் எதிரே அவனுடைய பஞ்சர்க் கடை. கடை என்றால் சுவரில் சாய்த்த ஒரு தகரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் யந்திரம், அவ்வளவுதான். முதலில் சைக்கிள், அப்புறம் மோட்டார் சைக்கிள், இப்போது எல்லாம் மின்சார ஸ்கூட்டர். இருபத்திரண்டு வருஷம் அந்தத் தகரத்தின் அடியில் குந்தியே இருந்தான். பெண்டாட்டி சியாவ்லிங் பஞ்சாலைக்குப் பகல் வேலைக்குப் போகிறவள். அதனால் மதியச் சாப்பாடு என்னிடம்.

என்னிடம் ஒரே சாப்பாடுதான். ஆட்டெலும்பை விடியலிலிருந்து கொதிக்கவிட்டால் சாறு பால் மாதிரி வெளுக்கும். உப்புப் போட்டு இறுகப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவைத்த மாவுப் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பலகையில் அடித்தால், கைவிரித்த ஒரு பாக நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்கு வரும். அதை நடுவில் கிழித்து அப்படியே கொதியில் போடுவேன். மேலே நாலு துண்டு கறி, கடல்பாசி, கொத்தமல்லித் தழை. கூடவே பச்சைப் பூண்டு, உரித்துக் கடித்துக்கொள்ள. மற்றவன் பூண்டை உரித்து முடிப்பதற்குள் லாய்ஷுன் பாதிக் கிண்ணத்தை முடித்திருப்பான். அவன் உறிஞ்சும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். கிண்ணத்தைக் கவிழ்த்துச் சாற்றைக் குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எதிர்ப்பக்கம் போய்க் குந்திக்கொள்வான்.

அந்த வருஷம் வசந்தத்தில் முதலில் பூண்டை விட்டான். எரிகிறது என்றான். அப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குச் சாறு. அப்புறம் பாதிக் கிண்ணம் மீந்தது. ஒருநாள் அடுப்படியிலிருந்து பார்த்தேன். ஒரு வாய் நூடுல்ஸை மென்று மென்று, முகவாயைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே தள்ளினான். தோள் இரண்டும் நடுங்கின.

பாவ்ஷானின் கழுத்து இப்படித்தான் நீண்டது.

ஹெனான் மாகாணத்தின் வடக்கு மூலையில், தாய்ஹாங் மலையின் நிழல் விழுகிற ஊர் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் தொண்டைக்குழாய் அடைத்துக்கொண்டு சாகிறவர்கள் அதிகம். பூஞ்சை பிடித்த ஊறுகாய்க் கீரையால் என்பார்கள், கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவதால் என்பார்கள், ரத்தத்தில் வருகிறது என்பார்கள். பேரைச் சொல்லமாட்டார்கள். ‘அது’ என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. புற்று. சோறு இறங்காது, தண்ணீர் இறங்காது, கடைசியில் எச்சில்கூட இறங்காது. பசியோடு சாவு.

அன்றைக்கு மதியக் கூட்டம் கலைந்த பிறகு, ஆவியில் அவித்த ரொட்டி ஒன்றை எடுத்துப்போய் லாய்ஷுன் முன்னால் வைத்தேன்.

“இத முழுங்கிக் காட்டு.”

“எதுக்கு அண்ணி?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியும். தண்ணி தொடக்கூடாது.”

ரொட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “சாயங்காலம் தின்னுக்கறேன்.”

“சாயங்காலம் மட்டும் உன் தொண்டையில வேற வழி தெறக்குமா? எத்தன நாளா?”

எழுந்துபோய், பழைய டியூப் போட்டு வைக்கும் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அதில் படம் இருந்தது. சிவப்புக் குழாய்க்குள் பூக்கோசு மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

“யாருக்கும் தெரியாம நகரத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். பத்து நாள் ஆச்சு. ஒரு மாசத்துக்குள்ள அறுத்தா பொழைக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.”

“அப்ப இங்க ஏன் குந்திக்கிட்டு இருக்க? டயர் அழுவுதா?”

“இருவத்தாறாந்தேதி ஹைதாவுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. சாப்பாடு இங்கதான்.”

ஹைதாவ் அவன் மகன். அதற்குமேல் அவன் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊரில் பெண் வீட்டார் வந்தால் வீட்டின் ஓட்டைப் பார்ப்பார்கள், பையனின் வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் பையனின் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுப் பார்ப்பார்கள். பேச்சு எங்கேயோ இருக்கும், கண் அவர் தொண்டைக்குழியில் இருக்கும். கெட்டியான நூடுல்ஸை இடையில் சாறு குடிக்காமல் இறக்கினால் சம்பந்தம் உண்டு. ஒரு வாய்க்கு ஒரு மடக்குக் குடித்தால், வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போய்விடுவார்கள். என் நூடுல்ஸ்தான் இந்த ஊரிலேயே தடிமன். அதனால் இந்தச் சோதனை பெரும்பாலும் என் கடையில்தான் நடக்கும். இதற்கென்றே மூலை மேஜை ஒன்று இருக்கிறது.

“அண்ணி, எனக்கு மட்டும் தனியா ஒரு கிண்ணம் போடணும்,” என்றான்.

“என்ன கிண்ணம்?”

“அண்ணனுக்குக் கடேசில போட்டீங்களே, அது.”

பாவ்ஷானுக்கு நான் செய்தது எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். உப்புப் போட்டால்தான் மாவு இறுகும். உப்பில்லாமல், கோதுமையோடு கிழங்கு மாவைக் கலந்து, தளரப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, குழையும்வரை வேகவைத்தால், வெள்ளைச் சாற்றுக்குள் பார்ப்பதற்கு அசல் நூடுல்ஸ் மாதிரியே கிடக்கும். வாயில் வைத்தால் கரைந்துவிடும்.

“முடியாது,” என்றேன். “என்னையும் இப்படித்தான்டா கட்டி வெச்சாங்க. மாமனார் இருமல்ல செத்தாருன்னு என் மாமியா என் கையப் புடிச்சிக்கிட்டு சொன்னா. இருவது வயசுல நம்பினேன். அப்பறம் அம்பத்தோரு வயசுப் புருஷனுக்குக் கஞ்சிய வடிகட்டி ஊத்தினேன். இன்னொரு பொண்ணுக்கு அதையே என் கையால செய்யச் சொல்றியா?”

“ஹைதாவுக்கு இருவத்தொம்பது ஆவுது. ஏற்கெனவே ரெண்டு எடம் கலஞ்சுபோச்சு. எங்க தாத்தாவுக்கு அது இருந்துச்சுன்னு எவனோ கெளப்பிவிட்டான்.”

“பொய்யா?”

“உண்மதான்.”

அவன் கன்னம் உள்ளே விழுந்திருந்தது. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான். ஆறு மாதமாக அந்த மனுஷன் பசியோடு என் கடைக்கு வந்து, பசியோடு எழுந்து போயிருக்கிறான். எனக்குச் செய்யத் தெரிந்த ஒரு சாப்பாட்டைக் கேட்டால் நோய் இருப்பதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று கேட்காமலே இருந்திருக்கிறான்.

“செய்யறேன்,” என்றேன். “ஆனா மறுநாளே ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணும்.”

“படுக்கறேன்.”

“உன் பையன் மேல சத்தியமா?”

“பையன் மேல எதுக்கு? என் மேல பண்றேன்.”

“உன் மேல பண்ற சத்தியத்த எவன் வாங்குவான்?”

இருபத்தாறாம் தேதி பதினொன்றரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா லூ தாசுவான் மலைமேல் கிராமத்துக்காரர், வால்நட் தோப்பு வைத்திருப்பவர். கழுத்துவரை பொத்தான் போட்ட புதுச் சட்டை. மரியாதைக்காகக் கதவைப் பார்த்த இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அவர் பெண்டாட்டி, எதிரே லாய்ஷுன், சியாவ்லிங், ஹைதாவ். பெண்ணின் பெயர் சின்யா. டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒல்லி. ஆனால் நேராகப் பார்க்கிற கண்.

நான் வாக்குக் கொடுத்தது லாய்ஷுனுக்கு. அந்தப் பெண்ணுக்குச் சொல்லமாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

“பொண்ணே, இப்படி அடுப்படிக்கு வா. சாத்துல உப்புச் சரியா இருக்கான்னு பாரு. உங்கப்பாவுக்கு எப்படிப் புடிக்கும்னு எனக்குத் தெரியாது,” என்று கூப்பிட்டேன். வந்தாள். திரையை இழுத்துவிட்டேன்.

“சுத்தி வளச்சுப் பேச எனக்கு நேரமில்ல, தண்ணி கொதிக்குது. உன் மாமனாரா வரப்போறவனுக்கு அது இருக்கு. அவங்க தாத்தாவுக்கும் இருந்துச்சு. நாளைக்கு ஹைதாவுக்கும் வரலாம். எனக்கு ஒருத்தரும் சொல்லல, அதனால உனக்குச் சொல்றேன். வேணாம்னா தலவலிக்குதுன்னு சொல்லி எழுந்து போ. நான் பாத்துக்கறேன்.”

அவள் பலகையில் தனியாக வைத்திருந்த தளர்ந்த மாவைப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

“இது அவருக்கா?” என்றாள்.

“ஆமா.”

“எனக்குத் தெரியும் அத்தே. ஹைதாவ் டியூப் பெட்டியில அந்தக் காகிதத்தப் பாத்துட்டான். அன்னிக்கே எங்கிட்ட வந்து அழுதான். அவன் பாத்தது அவங்கப்பாவுக்குத் தெரியாது.”

“தெரிஞ்சுமா வந்து ஒக்காந்திருக்க? புத்தி கெட்டுப்போச்சா?”

“வருசா வருசம் கொழா விட்டுப் பாக்கறாங்க. முன்னாடியே கண்டுபுடிச்சா எடுத்துடலாமாம். நானே இழுத்துக்கிட்டுப் போவேன்.” விரலில் ஒட்டிய மாவைத் துடைத்தாள். “அவன் எங்கிட்ட மறைக்கல அத்தே. அதுக்கப்பறம் நான் எப்படி எழுந்து போவேன்? எங்கப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா இந்தச் சந்துல காலே வெக்கமாட்டாரு.”

பாவ்ஷான் படுத்த நாளிலிருந்து நான் யார்மேலோ வைத்திருந்த கோபம் அந்த நிமிஷம் இவள்மேல் வந்தது. எனக்கு யாரும் சொல்லாத உண்மை இவளுக்குக் கிடைத்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறாளே என்று. “போ, போய் ஒக்காரு. உப்பு நல்லாத்தான் இருக்கு,” என்று விரட்டினேன்.

ஆறு கிண்ணம் கொண்டுபோய் வைத்தேன். லாய்ஷுனுடையதில் அடியில் மசித்த முள்ளங்கி, கறிக்குப் பதில் சோயாக் கட்டி, மேலே கண்ணுக்காக ஒரே ஒரு அசல் கறித்துண்டு, அதையெல்லாம் மறைக்க ஒரு பிடி கொத்தமல்லி. அந்தக் கறித்துண்டை அவன் சாப்பிடும் குச்சியால் எடுத்து மரியாதையாக லூ தாசுவானின் கிண்ணத்தில் வைத்துவிட்டான். சொல்லிக்கொடுத்தது நான்தான். சாராயக் கோப்பையை அப்பாவுக்குப் பதிலாக ஹைதாவ் எடுத்துக் குடித்தான். அதுவும் வழக்கம்தான், யாரும் சந்தேகப்படவில்லை.

லாய்ஷுன் சாப்பிட ஆரம்பித்தான்.

முதல் வாயில் பயம் இருந்தது. கழுத்து நீளவில்லை. இறங்கிவிட்டது. இரண்டாவது வாய். மூன்றாவது வாயில் உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாதக்கணக்கில் நான் கேட்காத சத்தம். குனிந்துகொண்டான். சுற்றி யார் இருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோனதுபோலச் சாப்பிட்டான். நெற்றியில் வேர்வை பூத்தது, காது சிவந்தது. நான் திரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பசித்தவன் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

லூ தாசுவானும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெதுவாக இளகியது.

“சம்பந்தி நல்லாச் சாப்பிடறீங்க,” என்றார். “எனக்குச் சாப்பிடற ஆளத்தான் புடிக்கும். எங்க ஊர்ல ஒருத்தன் இருக்கான், கல்யாண விருந்துல கூட கஞ்சி கேப்பான்.”

“கஞ்சியெல்லாம் ஒரு சாப்பாடா?” என்றான் லாய்ஷுன்.

“அப்படிச் சொல்லுங்க.” லூ சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் கிண்ணத்திலிருந்து ஒரு நூடுல்ஸை, தடியாக, முழு நீளத்துக்கு, குச்சியால் தூக்கி லாய்ஷுனின் கிண்ணத்தில் போட்டார். “எனக்கு வயிறு நெறஞ்சிடுச்சு. எம் பங்கையும் சேத்துச் சாப்பிடுங்க. இனிமே ஒரே குடும்பம்தான.”

மனசாரச் செய்தாரா, கடைசிச் சோதனையாகச் செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. சம்பந்தி தன் குச்சியால் எடுத்துப் போட்டதைச் சாப்பிடாமல் வைப்பது அவமானம். சாப்பிட்டால் அங்கேயே அடைத்துக்கொள்ளும். ஹைதாவின் முகம் வெளுத்தது. சியாவ்லிங்குக்கு ஒன்றும் தெரியாது, “எடுத்துக்குங்களேன்,” என்று புருஷனை இடித்தாள். லாய்ஷுன் அந்த நூடுல்ஸைக் குச்சியால் தூக்கினான். அவன் முகவாய் மேலே எழும்பத் தொடங்கியது.

“அப்பா, அத இங்க குடுங்க. எனக்கு இன்னும் பசிக்குது,” என்றாள் சின்யா.

லூ தாசுவான் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பினார். அவள் பார்த்தது லாய்ஷுனை. எழுந்து, மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவன் குச்சியிலிருந்தே அந்த நூடுல்ஸைத் தன் குச்சியால் பிடுங்கி, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று தேநீர்க் கோப்பையை நீட்டும்போதுதான் மருமகள் முதன்முதலாக மாமனாரை அப்பா என்று கூப்பிடுவாள். அதற்கு முன்னால் கூப்பிடுகிறவளைப் பற்றிச் சந்தே பேசும். அதிலும் பிறத்தியார் குச்சியிலிருந்து பிடுங்கித் தின்பது.

“வெக்கங்கெட்டவளே,” என்றாள் அவள் அம்மா, மூச்சுக்கு அடியில்.

லூ தாசுவானின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. கோபத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். மேஜையைத் தட்டிச் சிரித்தார். “பாத்தீங்களா சம்பந்தி? நாம இன்னும் பேசியே முடிக்கல, இவ அதுக்குள்ள வீடு மாறிட்டா. இனிமே இவள நான் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போனா எனக்குத்தான் அசிங்கம்.”

அப்படி அது முடிந்தது. லாய்ஷுன் மிச்சத்தையும் சாப்பிட்டான். கிண்ணத்தைக் கவிழ்த்துச் சாற்றைக் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். அவர்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, அதே மேஜையில் தனியாக உட்கார்ந்தான்.

“அண்ணி, ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் வயிறு நெறஞ்சிருக்கு,” என்றான். சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிப்போனான். சாயங்காலம் வரை நான் எழுப்பவில்லை. மூன்று பேர் பஞ்சரான வண்டியோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. லூ தாசுவான் வால்நட் பறித்து முடித்த பிறகு, பத்தாம் மாதம் கல்யாணம் என்று தேதி குறித்துவிட்டார். கத்தினேன். ஹைதாவ் தனக்குத் தெரியும் என்று சொல்லி அழுதான். சின்யா வந்து, “பதிவு மட்டும் இப்பவே பண்ணிக்கறோம், நீங்க போய்ப் படுங்க,” என்று மன்றாடினாள்.

“அப்பனுக்குத் தெரியாம பதிவு பண்ண பொண்ணுன்னு உனக்குப் பேரு வரணுமா?” என்றான் லாய்ஷுன். “கல்யாணப் படத்துல கழுத்துல தழும்போட நான் நிக்கணுமா? உங்கப்பா அதப் பாத்துட்டு என்ன, சவரம் பண்ணும்போது கீறிடுச்சுன்னு நெனப்பாரா?”

பிடிவாதக்காரன் என்று முன்னாலேயே சொன்னேன். அதற்கப்புறம் தினமும் அடுப்படிக்குள் உட்காரவைத்து அந்தக் குழைந்த நூடுல்ஸைப் போட்டேன். எட்டாம் மாதத்தில் அதுவும் நின்றது. பிறகு வெறும் சாறு. கல்யாணத்தன்று உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டு உடம்பைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு நின்றான். தேநீர்க் கோப்பையை வாங்கி உதட்டில் ஒற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு போய்ப் படுத்தான். திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்து அனுப்பினார்கள். புதுவருஷத்துக்கு நாலு நாள் முன்னால் செத்தான். தூக்கியவர்கள் கனமே இல்லை என்றார்கள்.

செத்த நாற்பத்தொன்பதாம் நாள், ஏழாவது ஏழு கும்பிட்டு முடித்த மறுநாள், மதியக் கூட்டம் போன பிறகு லூ தாசுவான் கடைக்கு வந்தார். சாவுக்கு வந்து, எதில் செத்தான் என்று காதில் விழுந்ததும் திரும்பிப் போனவர். அதிலிருந்து மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சின்யாவுக்கு அப்போது மூன்று மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அப்பா வருவாரா என்று சந்து முனையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“ஒரு கிண்ணம்,” என்றார். இழுத்துப் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை.

“அன்னிக்கு அவரு கிண்ணத்துல இருந்தது இதுதானா?”

“இல்ல.”

“வேற என்ன?”

“உப்பில்லாத மாவு. கொழகொழன்னு. பல்லில்லாத கொழந்த கூட முழுங்கும்.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

குச்சிகளைச் சேர்த்து, பிரித்து, திரும்பச் சேர்த்தார். இதைக் கேட்க அவர் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கேட்க வந்தது அடுத்தது.

“எம் பொண்ணுக்குத் தெரியுமா?”

அன்றைக்கு அவள் எழுந்து நின்று அந்த நூடுல்ஸைப் பிடுங்கியதை அவர் எத்தனை ராத்திரி நினைத்துப் பார்த்திருப்பாரோ. தெரியும் என்று நான் சொன்னால் அந்த ஆள் எழுந்து பேருந்து ஏறிவிடுவார். மகளுக்குப் பிரசவமானாலும் வரமாட்டார், மகள் செத்தாலும் வரமாட்டார். வளையாத கழுத்து அவருக்கு.

“அவளுக்கு என்ன தெரியும்?” என்றேன். “லாய்ஷுன் கேட்டான், நான் செஞ்சேன். அவ்வளவுதான். அவ எழுந்து புடுங்கித் தின்னது வெறும் கொழுப்பு. நீங்க வளத்த லட்சணம்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

“உங்க புருசன் எதுல செத்தார்னு இந்த ஊருக்கே தெரியும்,” என்றார். “அத அனுபவிச்ச பொம்பள நீங்க. தெரிஞ்சே இன்னொரு வீட்டுப் பொண்ண இதுல தள்ளியிருக்கீங்க. நீங்களும் ஒரு பொம்பளையா?”

“ஆமா. தள்ளினேன்.”

கிண்ணத்தை எடுத்து என் காலடியில் கவிழ்த்தார். சாறு கொதியாக இருந்தது. செருப்புக்குள் போய்ப் புறங்கால் வெந்தது. நான் நகரவில்லை. வெளியே போய்ச் சந்தில் கொஞ்சநேரம் நின்றார். பேருந்து நிலையம் வலப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பினார், சின்யாவின் வீட்டுப் பக்கம்.

இப்போதெல்லாம் பத்து நாளைக்கு ஒருமுறை முட்டையும் வால்நட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார். என் கடை வாசலுக்கு வந்ததும் நின்று, காறித் துப்பிவிட்டு, பிறகுதான் மகள் வீட்டுக்குப் போகிறார். எதிர்ப்பக்கம் காய்கறி விற்கிறவள், “ஏன்க்கா பொறுத்துக்கிட்டிருக்கீங்க, நாலு வார்த்த கேளுங்களேன்,” என்கிறாள். உன் வேலையைப் பார் என்கிறேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடுகிறது.